மக்காச்சோளம் தின்னத் தெரிந்தவர்கள்

டீ வரட்டும் மாமா, அவசரமில்லாமல் சொல்கிறேன். பெங்களூருக்கு வந்தால் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று உங்கள் மகன் சொன்னது மெக்சிகோ நாட்டுச் சாப்பாட்டுக் கடை. சின்னக் கடைதான். பத்துப் பதினைந்து மேசை இருக்கும், ஓரமாக ஒரு காக்டெயில் பார் இருக்கும். "வாயில் நுழையாத பேரெல்லாம் எழுதி வச்சிருப்பான், அங்க போய் எனக்கு என்ன தெரியப்போகுது?" என்றீர்கள். அந்தக் கடையில் உங்களுக்குத் தெரியாத பொருள் ரொம்பக் குறைவு. எம்.ரெட்டியபட்டியைச் சுற்றியுள்ள புஞ்சையில் புரட்டாசி மழையை நம்பி என்ன விதைக்கிறோம்? மக்காச்சோளம், மிளகாய், மல்லி. வேலியோரம் நிற்பது சப்பாத்திக்கள்ளியும் ஆனைக்கற்றாழையும். கண்மாய்க்குள் அடைந்து கிடப்பது சீமைக்கருவேலம். இதில் மல்லியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பூர்வீகம் மெக்சிகோவும் அதை ஒட்டிய அமெரிக்க நாடுகளும்தான். மல்லியும் ஸ்பானியர்களோடு கப்பலேறி அங்கே போய்விட்டது. இன்றைக்கு வெங்காயமும் மல்லித்தழையும் தூவாமல் அங்கே தெருக்கடையில் டாக்கோ கொடுக்க மாட்டார்கள்.

இந்த மாதிரிக் கடை மதுரையிலோ விருதுநகரிலோ ஏன் இல்லை என்று கேட்பீர்கள். சாப்பாட்டுக் கடை மட்டும் என்றால் யாரும் திறக்கலாம். சென்னை கதீட்ரல் ரோட்டில், ஹாட் பிரெட்ஸ் பேக்கரிக்கு மேல்மாடியில், டான் பெப்பே என்ற கடை ஒரு காலத்தில் பேர் வாங்கியிருந்தது. சென்னைக்காரர்கள் பலர் டாக்கோவை முதலில் பார்த்ததே அங்கேதான். 2010இல் டாக்கோ பெல் கம்பெனி இந்தியாவில் தன் முதல் கடையைப் பெங்களூரில் திறந்தது. ஆனால் சாப்பாட்டோடு மதுவும் பரிமாறுகிற சின்னக் கடை என்றால் நம் மாநிலத்தில் வழியில்லை. இங்கே சில்லறை மது விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. அதற்கு வெளியே பார் நடத்த நட்சத்திர ஹோட்டலுக்கும் கிளப்புக்கும்தான் உரிமம் கொடுக்கிறார்கள். கர்நாடகத்தில் தனி உணவகமே பார் உரிமம் வாங்கலாம். அதனால் பத்து மேசைக்காரரும் அங்கே கடை போட முடிகிறது. யூ.பி. சிட்டியில் இருக்கும் சான்செஸ் போலப் பெரிய கடைகளும் உண்டு, சந்துக்குள் இருக்கும் சின்னக் கடைகளும் உண்டு.

சாப்பாட்டுக்கு வருவோம். மெக்சிகோ சாப்பாட்டின் அடிப்படை டோர்டீயா. மக்காச்சோள மாவில் தட்டிய, உள்ளங்கை அகல ரொட்டி. அதில் கறியோ காயோ வைத்து மடித்தால் டாக்கோ. உள்ளே வைத்துச் சுருட்டி மிளகாய்ச் சாற்றில் நனைத்தால் என்சிலாடா. எண்ணெயில் பொரித்துத் தட்டையாக வைத்து மேலே குவித்தால் டொஸ்டாடா. பேர் மாறும், அடியில் இருப்பது மக்காச்சோளம்தான். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்னால் தெற்கு மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், டியோசின்ட்டே என்ற காட்டுப் புல்லிலிருந்து அந்த மக்கள் இந்தப் பயிரை உண்டாக்கினார்கள். அந்தப் புல்லின் கதிரில் ஐந்தாறு முதல் ஒரு டஜன் மணி வரைதான் இருக்கும், அதுவும் கல் போன்ற ஓட்டுக்குள். அதைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி விதைத்து இன்றைய கதிராக்கியது உழவர்களின் கை.

நாம் அதை எப்படி வைத்திருக்கிறோம்? தை மாசியில் கதிரொடித்து, களத்தில் கொட்டி, மிஷினில் அடித்து, மூட்டை கட்டி வியாபாரியிடம் போட்டுவிடுகிறோம். அது நாமக்கல், பல்லடம் பக்கம் கோழித் தீவனத்துக்குப் போகிறது. சில வருஷமாகப் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் காய்ச்சவும் போகிறது. கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம்தான். ஆக நாம் விளைவித்த மக்காச்சோளத்தை பிராய்லர் கறியாகவும் முட்டையாகவும்தான் திரும்பக் காசு கொடுத்து வாங்கித் தின்கிறோம். நேராக அடுப்புக்கு வருவது பால் கதிர் மட்டும், அதுவும் சுட்டுத் தின்ன ரெண்டு கதிர். கம்பையும் சோளத்தையும் குத்தி, இடித்து, கூழாகவும் களியாகவும் தின்று வளர்ந்த ஊரில், வண்டி வண்டியாக விளைகிற ஒரு தானியம் வீட்டுக்குள் வராமல் ரோட்டோடு போய்விடுகிறது. எனக்கு இது வருத்தமான விஷயம். காரணம் இருக்கிறது. அந்தப் பயிர் நம் கைக்கு வந்தது, அதைச் சமைக்கும் முறை கூடவே வரவில்லை.

அந்த முறைதான் இதில் முக்கியம். மெக்சிகோவில் மக்காச்சோளத்தை அப்படியே அரைத்து ரொட்டி தட்ட மாட்டார்கள். காய்ந்த மணியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேக வைத்து, ராத்திரி முழுக்க அதிலேயே ஊறப் போடுவார்கள். நாம் வெற்றிலைக்குத் தடவுகிற அதே நீற்றிய சுண்ணாம்பு. காலையில் பார்த்தால் மணியின் மேல்தோல் கழன்று வழவழவென்று வரும். நாலைந்து தண்ணீர் விட்டுக் கழுவி, கையால் தேய்த்துத் தோலைப் போக்கிவிட்டு, ஈரத்தோடு கல்லில் அரைப்பார்கள். அதற்கு மூன்று கால் வைத்த சரிவான அம்மி உண்டு, மெட்டாட்டே என்று பேர். முட்டி போட்டு உட்கார்ந்து குழவியைத் தள்ளித் தள்ளி அரைக்க வேண்டும். அந்த நாட்டுப் பெண்கள் விடியுமுன் நாலைந்து மணி நேரம் அதிலேயே கிடந்தார்கள். மில் வந்த பிறகுதான் அந்தப் பாடு குறைந்தது.

சுண்ணாம்பு என்ன செய்கிறது? முதல் வேலை, மாவைச் சேர்த்துப் பிடிக்க வைப்பது. கோதுமையில் இருக்கும் பசை மக்காச்சோளத்தில் கிடையாது. வெறும் மக்காச்சோள மாவைப் பிசைந்து தட்டினால் ஓரமெல்லாம் வெடிக்கும், கல்லிலிருந்து எடுக்கும்போது உடையும். சுண்ணாம்பில் வெந்த மணியில் தோலும் நாரும் கரைந்து கோந்து போலாகி மாவைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது வேலை கண்ணுக்குத் தெரியாதது. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் இருக்கிறது, ஆனால் நம் குடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு இருக்கிறது. சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. கால்சியமும் சேர்கிறது.

இது தெரியாமல் போனதால் உலகத்தில் லட்சக்கணக்கான ஏழைகள் செத்தார்கள் மாமா. ஸ்பானியர் மக்காச்சோள விதையை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் மூன்று வேளையும் அதையே கிண்டித் தின்ற கூலிக்காரர்களுக்கு வெயில் பட்ட இடமெல்லாம் தோல் கறுத்து உரிந்தது, பேதி வந்தது, கடைசியில் புத்தி தடுமாறியது. 1735இல் காஸ்பர் கசால் என்ற ஸ்பானிய வைத்தியர் அந்த நோயை எழுதி வைத்தார். பெல்லாக்ரா என்கிறார்கள். தொற்று நோயோ, கெட்டுப்போன தானியத்தின் விஷமோ என்றெல்லாம் இருநூறு வருஷம் சண்டை நடந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1914 முதல் ஆராய்ந்த ஜோசப் கோல்ட்பெர்கர்தான் இது சாப்பாட்டுக் குறை என்று அடித்துச் சொன்னார். நம் பக்கத்திலும் இந்த நோய்க்கு ஒரு கதை உண்டு. தக்காணத்தில் சோளத்தை மட்டுமே நம்பியிருந்த ஏழைகளுக்குப் பெல்லாக்ரா வந்தது. சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன், ஸ்ரீகாந்தியாவோடு சேர்ந்து ஹைதராபாத்தில் அதை ஆராய்ந்து, சோளத்தில் மிகுந்திருக்கும் லியூசின் என்ற சத்து இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று 1960இல் எழுதினார். மெக்சிகோவின் ஏழைக்கு இந்தத் தொல்லை பெரிதாக வரவில்லை. அவன் வீட்டுக் கிழவி சுண்ணாம்புத் தண்ணீரில் மணியை ஊறப் போட்டாள், பக்கத்திலேயே ஒரு பானை பயறும் வேக வைத்தாள்.

பயறு என்றதும் இன்னொன்று. அவர்கள் புஞ்சையில் மக்காச்சோளம் தனியாக நிற்காது. அதன் தட்டையைப் பிடித்துக்கொண்டு பீன்ஸ் கொடி ஏறும், கீழே பூசணி படர்ந்து ஈரத்தைக் காக்கும். மில்பா என்பார்கள். நம் அப்பன் பாட்டன் கம்போடும் சோளத்தோடும் தட்டாம்பயறு, மொச்சை, பாசிப்பயறு கலந்து விதைத்தது இதே கணக்குதான். மழை ஒன்றைக் கைவிட்டால் இன்னொன்று காப்பாற்றும். இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே கம்பெனி விதை. 2018இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்ட படைப்புழு அந்தப் பட்டத்திலேயே நம் காட்டுக்கும் வந்து குருத்தைக் குடைந்ததை நீங்களே பார்த்தீர்கள். அந்தப் புழுவுக்கும் பூர்வீகம் அமெரிக்காதான்.

அடுத்து காரம். இதில் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் பக்கத்து முண்டு வத்தலுக்கு, ராமநாதபுரம் பேரில், 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மிளகாய் மெக்சிகோவில் ஆயிரக்கணக்கான வருஷம் விளைந்து, 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக இந்தியக் கரைக்கு வந்தது. அதுவரை நம் காரம் மிளகும் திப்பிலியும்தான். மெக்சிகோக்காரர்கள் மிளகாயைப் பார்க்கிற விதத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நாம் வத்தலை நிறத்துக்கும் காரத்துக்கும் வாங்குகிறோம். விருதுநகர் மார்க்கெட்டில் முண்டு, சம்பா என்று பிரித்து விலை சொல்வதோடு சரி. அவர்கள் ஒவ்வொரு வத்தலுக்கும் தனி வாசனை, தனி வேலை வைத்திருக்கிறார்கள். பழுத்த ஹலப்பீன்யோவைப் புகையில் காயவைத்தால் சிப்போட்லே, புகை வாசனைக்கு. பொப்லானோவைக் காயவைத்தால் ஆன்ச்சோ, லேசான இனிப்புக்கு. கஸ்கபெல் என்று ஒரு வத்தல் உண்டு, உருண்டையாக, ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போடும். உங்கள் களத்திலிருந்து ஒரு கை முண்டு வத்தலை அள்ளி அதன் பக்கத்தில் வைத்தால் சட்டென்று பிரித்துச் சொல்வது கஷ்டம். மூன்று நான்கு வகை வத்தலை வறுத்து ஊறவைத்து அரைத்து, எள்ளு, நிலக்கடலை, பட்டை, சாக்லேட் எல்லாம் சேர்த்துக் கொதிக்க வைப்பது மோலே. புவெப்ளா ஊரின் மோலேயில் இருபது சாமானுக்கு மேல் போகும். கடையில் இருந்தால் அதைக் கட்டாயம் கேளுங்கள். கறுப்பாக, கெட்டியாக, கொஞ்சம் கசப்பும் கொஞ்சம் இனிப்புமாக இருக்கும். முதல் வாயில் பிடிபடாது, மூன்றாவது வாயில் பிடிபடும்.

மேசையில் இரண்டு மூன்று கிண்ணத்தில் சால்சா வைப்பார்கள். துவையல்தான். தக்காளி, வெங்காயம், மிளகாயை அடுப்பில் சுட்டு, கல் உரலில் நசுக்கி, உப்பும் எலுமிச்சையும் சேர்த்தது. பச்சையாக இருந்தால் தொமாட்டியோ என்ற காயில் செய்தது, புளிப்பு தூக்கலாக இருக்கும். நம் வாய்க்குக் காரம் போதாது என்று தோன்றினால் வெட்கப்படாமல் இன்னும் காரமானதைக் கேளுங்கள். உள்ளே ஒன்று வைத்திருப்பார்கள். குவாக்கமோலே என்பது வெண்ணெய்ப்பழ மசியல். கொடைக்கானல் கீழ்மலையிலிருந்து பட்டர் ஃப்ரூட் என்று மார்க்கெட்டுக்கு வருகிறதே, அதுதான். அதற்கென்றே தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு ரகம் உண்டாக்கி வெளியிட்டிருக்கிறார்கள்.

சில பண்டங்களைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்பதற்காக இதையும் சொல்கிறேன். நம் நாட்டில் மெக்சிகன் என்று விற்பதில் பாதி, எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் உருவான சாப்பாடு. மொறுமொறுவென்ற ஓட்டு டாக்கோ, மஞ்சள் சீஸ் ஊற்றிய பண்டங்கள், சோறும் பயறும் அடைத்த பெரிய கோதுமை உருட்டு எல்லாம் அந்தக் கணக்கு. நாச்சோஸ் மட்டும் மெக்சிகோவில், எல்லை ஊரான பியெத்ராஸ் நெக்ராசில், 1940களில் இக்னாசியோ அனாயா என்ற ஹோட்டல்காரர் அவசரத்துக்குச் செய்து கொடுத்தது. அவரை நாச்சோ என்று கூப்பிடுவார்கள், அந்தப் பேரே பண்டத்துக்கும் நின்றுவிட்டது. நன்றாகவே இருக்கும். ஆனால் அதையே தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டால் அவ்வளவு தூரம் போனது வீண். கடைக்காரரிடம் "டோர்டீயா இங்கேயே தட்டுறீங்களா, சுண்ணாம்பு போட்டு ஊறவச்ச மாவா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கிற வாடிக்கையாளர் குறைவு. கேட்டால் உள்ளே இருந்து சமையல்காரரே வெளியே வருவார், பாருங்கள்.

கறி விஷயத்தில் விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள். கார்னே அசாடா மாட்டுக்கறி. கார்னீத்தாஸ், அல் பஸ்தோர் இரண்டும் பன்றிக்கறி. அல் பஸ்தோர் வந்த கதை நல்ல கதை. லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கம்பியில் செங்குத்தாகக் கறி செருகிச் சுடும் வித்தையைக் கொண்டுவந்தார்கள், மெக்சிகோக்காரர்கள் அதில் வத்தல் அரைத்துப் பூசி, அன்னாசி வைத்துக்கொண்டார்கள். நம் ஊர்களில் பெரும்பாலும் கோழியில்தான் செய்கிறார்கள். பயறு மசியலை அவர்கள் ஊரில் பன்றிக் கொழுப்பில் வதக்குவது வழக்கம், அதனால் அத்தைக்கு வாங்கும்போது எண்ணெயில் செய்ததா என்று கேட்டுவிடுங்கள். டாக்கோவைக் கையால்தான் சாப்பிட வேண்டும். முள்கரண்டி வைத்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள். எலுமிச்சையைப் பிழிந்து, மூன்று விரலால் மடித்துப் பிடித்து, தலையைச் சாய்த்துக் கடிக்க வேண்டும். சாறு தட்டில் ஒழுகும், அது பரவாயில்லை.

இன்னொரு டீ சொல்லுங்கள். வேலியைப் பற்றிப் பேசாமல் எழுந்திருக்க முடியாது.

சப்பாத்திக்கள்ளியின் சிவப்புப் பழத்தைச் சின்ன வயசில் மண்ணில் தேய்த்து, சுணை போக்கித் தின்று, வாயெல்லாம் சிவப்பாக நின்றவர்கள்தானே நாம். மெக்சிகோக் கொடியில் கழுகு உட்கார்ந்திருப்பது அந்த இனக் கள்ளியின் மேல்தான். அவர்கள் இளம் மடலை அறுத்து, முள்ளைச் சீவி, நீளநீளமாக நறுக்கி, வெந்நீரில் வேக வைத்தோ சுட்டோ கறியாகத் தின்கிறார்கள். வெண்டைக்காய் வழவழப்பும் லேசான புளிப்பும் இருக்கும். மெக்சிகோ நகரத்தின் ஓரத்தில் மில்பா ஆல்ட்டா என்ற பகுதியே அந்தப் பயிரில் பிழைக்கிறது. நம் நாட்டுக்குக் கள்ளி வந்தது தின்பதற்காக அல்ல. அதில் ஒட்டி வாழும் ஒரு பூச்சியை நசுக்கினால் ரத்தச் சிவப்புச் சாயம் கிடைக்கும், அந்த வியாபாரம் ஸ்பெயின் கையில் இருந்தது. அதைப் பிடிக்க ஆசைப்பட்டு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில் சென்னையில் கள்ளித் தோட்டமே போட்டார்கள், ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற டாக்டர் முன்நின்றார். 1795இல் பிரேசிலிலிருந்து கப்பலில் பூச்சி வந்து சேர்ந்தது, ஆனால் மட்டமான ரகம். சாயம் தேறவில்லை. வந்த பூச்சி ஒருவகைக் கள்ளியை அழித்தது, இன்னொரு வகைக் கள்ளி நிலமெல்லாம் பரவியது. அதை ஒழிக்க 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். மேய்ச்சல் நிலம் ஏராளமாக மீண்டது.

சீமைக்கருவேலத்தைப் பற்றி உங்களிடம் பேசினால் கோபம்தான் வரும். 1877இல் கடப்பைப் பக்கம் விறகுக்காக விதைத்தது நம் கண்மாயை எல்லாம் விழுங்கிவிட்டது. அந்த மரத்தின் நெருங்கிய சொந்தம் வடக்கு மெக்சிகோவின் சொனோரா வறட்சிக் காட்டில் நிற்கிறது. மெஸ்கீட் என்கிறார்கள். அங்கேயும் கரி மூட்டம் போடுகிறார்கள். அந்தக் கரியில் சுட்ட மாட்டுக்கறிக்குத்தான் அந்த மாநிலமே பேர் போனது. அதன் காயை இடித்து மாவாக்கித் தின்ற பழங்குடிகளும் உண்டு. திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் மூட்டம் போட்டுப் பிழைக்கிற எத்தனையோ குடும்பங்களின் கரி லாரியேறி ஊர் ஊராகப் போகிறது. பெங்களூர்க் கடையின் அடுப்பில் எரிவது எந்த ஊர்க் கரி என்று நான் சொல்ல முடியாது, ஆனால் அந்த மர இனத்தின் கரிதான் இந்தச் சமையலுக்கு ஏற்றது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பார் பக்கம் வருவோம். டெக்கீலா கற்றாழையிலிருந்து வடிக்கிற சாராயம். சோற்றுக்கற்றாழை அல்ல. ரயில் ரோட்டோரம் அரண் மாதிரி நட்டிருப்பார்களே, மடல் நுனியில் ஊசி முள் வைத்த ஆனைக்கற்றாழை, அந்த இனம். பத்து இருபது வருஷம் சும்மா நிற்கும். பிறகு ஒரே ஒரு தடவை இருபது அடிக்குக் கம்பம் மாதிரித் தண்டு விட்டுப் பூத்து, அதோடு பட்டுப்போகும். அந்தப் பூவுக்காகச் சேர்த்து வைத்த சர்க்கரையைத்தான் மனுஷன் எடுத்துக்கொள்கிறான். மடலை எல்லாம் சீவித் தள்ளினால் நடுவில் அன்னாசி போல ஒரு கிழங்கு, சுமாராக முப்பது நாற்பது கிலோ இருக்கும். அதைச் சுடாமல் விட்டால் புளிக்காது, ஏனென்றால் சத்து ஈஸ்ட் தின்ன முடியாத வடிவில் இருக்கும். நீராவியில் வேக வைத்து, நசுக்கி, சாற்றைப் புளிக்க வைத்து, இரண்டு தடவை வடிப்பார்கள். மண்ணுக்குள் குழி தோண்டி, நெருப்பில் காய்ந்த கல்லைப் போட்டுச் சுட்டால் வருவது மெஸ்கால், புகை வாசனையோடு இருக்கும். டெக்கீலா என்று பேர் போட மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலமும் வேறு நான்கு மாநிலங்களின் குறிப்பிட்ட பகுதிகளும்தான் உரிமை பெற்றவை, அதுவும் கற்றாழை வகைகளில் நீலக் கற்றாழைதான் ஆகும். 1974இல் தொடங்கிய சட்டம் அது.

நம் தக்காணத்துக் கற்றாழையிலும் இதைச் செய்தவர் ஒருவர் இருக்கிறார். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த டெஸ்மண்ட் நாசரேத். சித்தூர் மாவட்டத்தில் ஆலை வைத்து, 2011இல் டெஸ்மண்ட்ஜி என்ற பேரில் கோவாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். டெக்கீலா என்று போட முடியாது என்பதால் கற்றாழைச் சாராயம் என்றே விற்கிறார். ஆட்டுக்கும் மாட்டுக்கும் உதவாத செடி என்று நாம் ஒதுக்கியதில் ஒரு தொழில் இருந்திருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

எனக்கு டெக்கீலாவைவிடப் பெரிதாகத் தோன்றுவது புல்க்கே. வடிக்காத கள். பூக்கப்போகிற கற்றாழையின் நடுக்குருத்தை வெட்டிக் குழியாக்கி, தினமும் ரெண்டு வேளை அதைச் சுரண்டிவிட்டு, ஊறுகிற இனிப்பு நீரை எடுக்கிறார்கள். அந்தப் பதநீர் சில மணி நேரத்தில் புளித்து வெள்ளையாக, கொழகொழப்பாக ஆகிவிடும். பனையேறி காலையும் மாலையும் பாளை சீவுவதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவுக்கும் ஸ்பானியக் கப்பல் ஓடியது. அதில் போன பிலிப்பைன்ஸ் தென்னை ஏறிகள் கொலீமா கரையில் தென்னங்கள் இறக்கினார்கள், காய்ச்சவும் கற்றுக்கொடுத்தார்கள். மெஸ்கால் வடிக்கும் வித்தையே அவர்களிடமிருந்து வந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் சொல்கிறார்கள். இன்றும் கொலீமாவில் தூபா என்ற பேரில் தென்னங்கள் சுரைக்குடுக்கையில் வைத்துத் தெருவில் விற்கிறது. நம் மாநிலத்தில் கள்ளுக்கு 1987 முதல் தடை. நம் பனைகளை வெட்டிச் செங்கல் சூளைக்குப் போட்ட காலத்தில் அவர்கள் புல்க்கேயைத் தங்கள் பாட்டன் சொத்து என்று பெருமையாக ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில் எனக்கு மனசு ஆறவில்லை.

கடையில் எல்லாரும் கேட்பது மார்கரீட்டா. 50 மில்லி டெக்கீலா, 20 மில்லி ஆரஞ்சு மது, 15 மில்லி எலுமிச்சைச் சாறு, ஐஸ் போட்டுக் குலுக்கி, உப்புத் தடவிய விளிம்புள்ள தம்ளரில் வடிப்பார்கள். அந்த எலுமிச்சை நம் ஊர் எலுமிச்சை இனமேதான், ஸ்பானியர்கள் கொண்டுபோய் நட்டது. புளிப்பும் உப்பும் தூக்கலாக இருப்பதால் மதுவின் காட்டம் தெரியாது, அதனால் மளமளவென்று இறங்கிவிடும். ஒரு தம்ளரில் இருக்கும் ஆல்கஹால் ஒரு பெரிய பாட்டில் சாதா பீருக்குக் கிட்டத்தட்டச் சமம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுகிறவர், உங்களுக்கு வேண்டாம் மாமா. மகனும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, வண்டியை விட்டுவிட்டு ஆட்டோவில் வரட்டும். குடிக்காதவருக்கு ஆகுவா ஃப்ரெஸ்கா இருக்கிறது. புளி கரைத்து வெல்லமோ சீனியோ போட்டது, புளிச்சக்கீரை இனத்துச் சிவப்புப் புல்லிதழ் ஊறவைத்தது, அரிசி ஊறவைத்து அரைத்துப் பட்டை தட்டிப் போட்டது என்று பல வகை. புளித் தண்ணீரைக் கேளுங்கள், தம்ளர் விளிம்பில் உப்பும் மிளகாய்த் தூளும் தடவித் தரச் சொல்லுங்கள். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மாங்காய்க் கீற்றில் உப்பும் வத்தல் பொடியும் தூவித் தின்கிற நாக்குக்கு அது உடனே பிடிக்கும்.

போய்விட்டு வந்த பிறகு வீட்டில் ஒரு தடவை செய்து பாருங்கள். அத்தை கைக்கு இது கஷ்டமான வேலையே அல்ல. களத்தில் காய்ந்த மக்காச்சோளம் ஒரு கிலோ, தண்ணீர் மூன்று லிட்டர், வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுத்தமான சுண்ணாம்பு ரெண்டு தேக்கரண்டி. சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு ஆகாது. எவர்சில்வர்ப் பாத்திரத்தில் வையுங்கள், அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். மெதுவாகக் கொதிக்கட்டும். ஒரு மணியை எடுத்துத் தேய்த்தால் தோல் கழலுகிற பதத்தில், முக்கால் மணி நேரத்துக்குள், இறக்கிவிட்டு மூடி வையுங்கள். மறுநாள் தண்ணீர் தெளிவாகும் வரை கழுவி, தண்ணீரை அளவாகத் தெளித்து கிரைண்டரில் கெட்டியாக அரைக்க வேண்டும். இட்லி மாவுப் பதத்துக்கு விட்டால் கெட்டுப்போகும், கொழுக்கட்டை மாவுப் பதம் வேண்டும். எலுமிச்சை அளவு உருட்டி, ரெண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்துத் தட்டால் அழுத்தி, எண்ணெய் தடவாத காய்ந்த தோசைக்கல்லில் போடுங்கள். ஓரம் விடும்போது திருப்பி, மறுபடி திருப்பினால் நடுவில் உப்பும். உடனே துணியில் மூடி வைக்க வேண்டும், திறந்து வைத்தால் காய்ந்து வறட்டி ஆகிவிடும். கம்பெனி ரகம் தீவனத்துக்கென்று வளர்த்தது, கொஞ்சம் முரட்டு மாவாகத்தான் வரும். நாட்டு வெள்ளை மக்காச்சோளம் யாரிடமாவது இருந்தால் அது இன்னும் நல்லது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம், விதைப் பையில் மிச்சமிருக்கிற மணியை எடுத்துவிடாதீர்கள், அதில் பூச்சி மருந்து கலந்திருக்கும். உங்கள் களத்தில் அடித்த மூட்டையிலிருந்து எடுத்தால் போதும்.